துப்பாக்கியோடு வந்தவன் ஆட்டம் பார்க்கமாட்டான்

என் தங்கை மகள் அமெரிக்காவில், ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஃபேயட்வில் என்ற ஊரில் எம்.எஸ். படிக்கிறாள். அவள் இருக்கும் அறையில் போன வாரம் ஒரு வாக்குவாதம். கல்லூரி விளையாட்டு மைதானத்துக்கு ஆட்டம் பார்க்க வருகிறவர்கள், சட்டைக்குள் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு உள்ளே வரலாமா கூடாதா? கூட இருக்கும் பெண் டெக்சாஸ்காரி. வரலாம், வரவேண்டும் என்கிறாள். இவளுக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் எதிர்த்துப் பேசவும் வாய் வரவில்லை. ராத்திரி என்னை வாட்ஸப்பில் கூப்பிட்டு, “மாமா, நீங்க பட்டாளத்துல இருந்தவரு. பேங்க்லயும் துப்பாக்கியோட நின்னீங்க. நீங்க சொல்லுங்க” என்றாள்.

அவளுக்குப் போனில் சொன்னது பாதிதான். நெட்வொர்க் வேறு இழுத்து இழுத்து வந்தது. மீதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த ஊர்க் கதை. 2017 மார்ச்சில் ஆர்க்கன்சாஸ் ஆளுநர் ஏசா ஹட்சின்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கூடுதல் பயிற்சி எடுத்து அதற்கென்று தனி லைசென்ஸ் வாங்கியவர்கள், அரசுப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போகலாம். அந்தக் கூடுதல் பயிற்சி அதிகபட்சம் 8 மணி நேரம். (நாங்கள் ரங்கூட்டாக, அதாவது பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களாக இருந்தபோது, தோட்டா போடாத ரைஃபிளைச் சரியாகப் பிடிக்கக் கற்பதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும்.) சட்டத்தை எழுதிய வாக்கில் விளையாட்டு மைதானமும் அதற்குள் வந்துவிட்டது. எஸ்.இ.சி. என்கிற கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பின் ஆணையர் கிரெக் சாங்கி வெளிப்படையாகவே கவலை தெரிவித்தார். சில வாரங்களிலேயே இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். பல்கலைக்கழகம் தன் பாதுகாப்பு ஏற்பாட்டை எழுதி மாநிலப் போலீசிடம் கொடுத்தால், விளையாட்டுப் போட்டிக்குத் துப்பாக்கி வராமல் தடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. அந்தக் கூட்டமைப்பின் கவலையில் உயிர் பாதி, டிக்கெட் வருமானம் பாதி இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். எதுவாக இருந்தாலும் சரி, தடை வந்தது நல்லது.

ஆர்க்கன்சாஸ் மட்டும் அல்ல. டெக்சாஸில் 2016 ஆகஸ்ட் 1 முதல் கல்லூரி வளாகத்தில் மறைத்து எடுத்துப் போகலாம், ஆனால் விளையாட்டுப் போட்டி நடக்கும் இடத்தில் கூடாது. ஜார்ஜியாவின் 2017 சட்டத்தில் இன்னும் வேடிக்கை. ஆட்டத்துக்கு முன்னால் கார்களை நிறுத்திப் பின்கதவைத் திறந்துவைத்துக் கறி சுட்டுச் சாப்பிட்டுக் கொண்டாடுவார்களே, அந்தத் திடலில் இருக்கலாம். மைதானத்துக்குள் ஆகாது. மேற்கு வர்ஜீனியா 2023-இல் சட்டம் போட்டபோது, 1,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளை விலக்கி வைத்தது. இதெல்லாம் துப்பாக்கி என்றால் உயிரை விடுகிற மாநிலங்கள். அங்கே சட்டம் போட்டவர்களே மைதான வாசல் வந்ததும் காலைப் பின்னுக்கு எடுத்துவிட்டார்கள். நான் மருமகளிடம், “இதை அந்தப் பிள்ளைகிட்ட முதல்ல கேளு. உங்க ஆளுங்களே ஏன் அங்க மட்டும் பயந்தாங்கன்னு கேளு” என்றேன்.

அவள் போகும் மைதானத்தில் 70,000 பேருக்கு மேல் உட்காரலாம். அங்கே ஆடுவது அமெரிக்க ஃபுட்பால், நம்ம கால்பந்து அல்ல. அணியின் பெயர் ரேஸர்பேக்ஸ். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் மரச்சீனித் (மரவள்ளி) தோட்டத்தை ராவோடு ராவாகக் கிளறிப்போடும் காட்டுப்பன்றி இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். நமக்குப் பன்றி என்றால் விவசாயியின் சாபம். அங்கே 70,000 பேரும் கையைத் தூக்கிப் பன்றியைக் கூப்பிடுவதுபோல் ஒரே குரலில் ஊளையிடுவார்களாம். வீடியோ அனுப்பியிருந்தாள், பார்த்தேன். பேராசிரியர் மாதிரி ஒருவர், தலை முழுக்க நரை, பன்றித் தொப்பி போட்டுக்கொண்டு தொண்டை நரம்பு புடைக்கக் கத்துகிறார். 2019 முதல் அந்தக் கூட்டமைப்பு பொது இருக்கைகளிலும் பீர் விற்க அனுமதி கொடுத்துவிட்டது. ஆக, கையில் பீர், தலையில் பன்றி.

இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மைதானத்துக்குப் போவதே அதற்குத்தானே! வீட்டில் சத்தம் போட்டுப் பேசாத ஆள் அங்கே போய்க் கத்தலாம், ரெஃபரியின் ஏழு தலைமுறையையும் இழுக்கலாம், முன்பின் தெரியாதவனைக் கட்டிப் பிடிக்கலாம். நிதானத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போகிற இடம் அது. தோட்டா போட்ட துப்பாக்கி இடுப்பில் இருக்கிறவனுக்கு வேண்டியதோ நிதானம் ஒன்றுதான். இரண்டும் ஒரே ஆளுக்குள் நிற்காது.

பட்டாளத்தில் இதை யாரும் எங்களுக்குப் பாடமாக நடத்தவில்லை. ஏற்பாடே அப்படி. நான் மெட்ராஸ் ரெஜிமென்ட். கம்பெனிகளுக்குள், அதாவது பட்டாலியனின் பிரிவுகளுக்குள், ஃபுட்பால் ஃபைனல் என்றால் பட்டாலியனே திரண்டு உட்காரும். எல்லோரும் துப்பாக்கி சுடத் தெரிந்தவர்கள், வருஷக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள். ஆனால் அன்றைக்கு ஆயுதம் எல்லாம் கோத்துக்குள் பூட்டி இருக்கும். கோத் என்பது ஆயுத அறை. எடுக்கும்போது எண்ணைச் சொல்லிக் கையெழுத்து, வைக்கும்போது எண்ணைச் சொல்லிக் கையெழுத்து. தோட்டா போடும் மேகசின் ஒன்று கணக்கில் குறைந்தாலும் அன்று ராத்திரி யாருக்கும் சாப்பாடு இறங்காது. ஃபைனல் பார்க்க வருகிறவன் கையில் இருப்பது பிளாஸ்டிக் விசிலும் எண்ணெய் டின்னும். டின் எதற்கு என்றால், அடிப்பதற்கு.

ரைஃபிளோடு இருப்பவன் காவல் நிற்கும் சென்ட்ரி மட்டும். அவன் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பான். பின்னால் இரைச்சல் எழும்போது கோல் விழுந்தது தெரியும், யார் போட்டது என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் சுபேதார் சாப் ராத்திரி கூப்பிடுவார். நான் அப்படி நின்றிருக்கிறேன். எங்கள் கம்பெனி ஜெயித்த ஆட்டத்தை நான் காதால் மட்டும்தான் பார்த்தேன். ராணுவமே சிப்பாயைத் துப்பாக்கியோடு ஆட்டம் பார்க்க விடுவதில்லை என்றால், 8 மணி நேரம் படித்துவிட்டு வந்த ஒருவர், பீர் டம்ளரோடு, மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்து, தன் அணி புள்ளி எடுத்தால் எகிறிக் குதித்து, அதே நேரம் இடுப்பில் இருப்பதையும் கவனித்துக்கொள்வார் என்று நான் எப்படி நம்புவது?

சரி, குதிப்பதைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் வருஷா வருஷம் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து டோர்ணமென்ட் நடக்கும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கடற்கரைப் பையன்கள் வருவார்கள். பந்து அவர்கள் காலில் ஒட்டிக்கொண்டு வரும், நம்ம உள்நாட்டுப் பயல்கள் பின்னாலேயே ஓடுவார்கள். கேலரி எல்லாம் கமுகும் பலகையும் வைத்துக் கட்டுவது. ஆட்டம் முடிந்து ஆட்கள் போனபிறகு, டார்ச் அடித்துக்கொண்டு கேலரிக்கு அடியில் போய்ப் பார்ப்பது கமிட்டியில் என் வேலை. என்னென்ன விழுந்து கிடக்கும் தெரியுமா? ஒற்றைச் செருப்புகள் ஒரு குவியல். பைக் சாவிகள். மூக்குக்கண்ணாடி. சட்டைப் பையிலிருந்து தெறித்த போன், அது அங்கே கிடந்து அடித்துக்கொண்டே இருக்கும். முக்கால் பாகம் குடித்த குவார்ட்டர் பாட்டில், இதைக் கேட்டு மட்டும் யாரும் வரமாட்டார்கள். ஒரு தடவை பல்செட் கிடந்தது. மேல் வரிசை முழுசாக, மண் ஒட்டி, டார்ச் வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டு. மறுநாள் காலையில் ஒரு பெரியவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கமிட்டி ஆபீசுக்கு வந்தார். அதை எப்படித் தவறவிட்டீர் என்று கேட்டால், “கோல் விழுந்துச்சுல்லா” என்றார்.

வாயில் இருந்த பல் விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

இது ஊர் வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 2015-இல் வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வேலை பார்க்கும் போலீஸ்காரர்கள் தங்கள் கைத்துப்பாக்கியைக் கழிப்பறையில் மறந்து வைத்துவிட்டுப் போன செய்தி வந்தது. ஒரு தடவை அல்ல. அதில் ஒன்றைக் கண்டெடுத்தது பெற்றோரோடு சுற்றிப் பார்க்க வந்த ஒரு சின்னப் பிள்ளை. அது கூச்சல் குதிப்பு இல்லாத இடம், அவர்களுக்கு அதுதான் தொழில். அப்படி இருந்தும் நடந்தது. இடைவேளையில் பல்லாயிரம் பேர் வரிசை கட்டி நிற்கும் மைதானக் கழிப்பறையை நினைத்துப் பாருங்கள்.

டெக்சாஸ்காரி சும்மா விடவில்லை. 1966-ஐ எடுத்து வீசியிருக்கிறாள். அவள் சொன்னது உண்மைதான், அதை மறைக்கக்கூடாது. 1966 ஆகஸ்ட் 1-ஆம் தேதி டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கோபுரத்தில் ஏறிக்கொண்டு ஒருவன் கீழே போவோர் வருவோரைச் சுட்டான். அன்று போலீசிடம் அவ்வளவு தூரம் போகும் துப்பாக்கி போதவில்லை. பொதுமக்கள் தங்கள் வேட்டை ரைஃபிள்களை எடுத்துக்கொண்டு வந்து கீழிருந்து திருப்பிச் சுட்டார்கள். அவன் நினைத்தபடி எட்டிப் பார்த்துச் சுடமுடியாமல் போனது. அவனை வீழ்த்திய போலீஸ்காரர்களில் ஒருவரே அந்த உதவியைப் பின்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார். சரியாக 50 வருஷம் கழித்து அதே தேதியில்தான் டெக்சாஸின் வளாகச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சம்பவத்தைப் பட்டாளத்துக்காரன் கண்ணால் பாருங்கள். எதிரி ஒருவன். 28-ஆவது மாடியில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில். கீழே துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் மேல்நோக்கிச் சுட்டார்கள். யார் எதிரி, யார் நம்மாள் என்ற சந்தேகமே அங்கே எழவில்லை. அதனால்தான் அது பலித்தது. மைதான கேலரியில் அப்படியா? 42-ஆவது வரிசையில் ‘டப்’ என்று ஒரு சத்தம். வெடியா, துப்பாக்கியா தெரியாது. நல்லவர் ஒருவர் உருவுகிறார். பத்து வரிசை தள்ளி இன்னொரு நல்லவர், உருவிய கையைப் பார்த்துவிட்டு அவரும் உருவுகிறார். யாருக்கும் யூனிஃபார்ம் இல்லை, எல்லோருக்கும் ஒரே சிவப்பு டி-ஷர்ட். ஓடிவரும் போலீஸ்காரர் இந்த இரண்டு பேரில் யாரைச் சுடவேண்டும்? எல்லையில் வேலை பார்த்தபோது எங்களுக்கு மிகப் பெரிய பயம் எதிரி அல்ல. இருட்டில் நம் ரோந்துப் பார்ட்டியும் நம் இன்னொரு பார்ட்டியும் எதிர்ப்படுவதுதான். அதற்கென்றே ராத்திரிக்கு ராத்திரி பாஸ்வேர்ட் மாறும். கேலரியில் பாஸ்வேர்ட் யார் கொடுப்பது?

கற்பனையாகச் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் ஒரு பள்ளிக்கூட ஃபுட்பால் மைதானத்துக்கு வெளியே, ஆட்டம் முடிந்து ஆட்கள் வரும் நேரத்தில், யாரோ இரண்டு பேர் தங்களுக்குள் சுட்டுக்கொண்டார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் மூன்று பேர், சத்தம் கேட்டதும், அந்தப் பக்கம் வந்த சம்பந்தமே இல்லாத ஒரு காரை நோக்கி 25 ரவுண்டு சுட்டார்கள். போலீஸ் தோட்டா பட்டு இறந்தது, ஆட்டம் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு வந்துகொண்டிருந்த எட்டு வயதுச் சிறுமி. அந்த மூவரும் பின்னால் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களைத் திட்டி எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தச் சில விநாடிகளில் காது எப்படி ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும். சுவரில் பட்டு வரும் எதிரொலிதான் முதலில் கேட்கும், திசை மாறும். பயிற்சி உள்ளவனுக்கே அந்தக் கதி.

நல்லவன் கையில் துப்பாக்கி இருந்தால் கெட்டவன் பயப்படுவான் என்பார்கள். 2024 பிப்ரவரி 14 அன்று கன்சாஸ் சிட்டியில் ஃபுட்பால் வெற்றி ஊர்வலம் நடந்தபோது 800-க்கும் மேற்பட்ட போலீஸ் நின்றது. அவ்வளவு பேருக்கு நடுவிலும் சுட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் இறந்துபோனார், இருபதுக்கும் மேற்பட்டோருக்குக் காயம். காரணம் என்ன என்று வழக்கு விவரத்தைப் படித்தால், ‘ஏன்லே முறைக்க?’ என்பதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு கூட்டம் ஒன்றையொன்று முறைத்துப் பார்த்தது. எங்கள் டோர்ணமென்டில் அப்படிப்பட்ட முறைப்பு ஓர் ஆட்டத்துக்கு நாலு வரும். பெனால்டி கொடுத்தால் ஒன்று, கொடுக்காவிட்டால் இரண்டு. கார்னர் கொடியைப் பிடுங்கி அடித்திருக்கிறார்கள், நாற்காலி பறந்திருக்கிறது, ரெஃபரியை ஸ்கூல் சமையலறைக்குள் வைத்துப் பூட்டிக் காப்பாற்றியிருக்கிறோம். மறுநாள் நெற்றியில் பிளாஸ்திரியோடு அதே ஆட்கள் அதே கடையில் சாயா குடிப்பார்கள். இதற்கு நாங்கள் ரொம்ப நல்லவர்கள் என்று அர்த்தம் இல்லை. கையில் கிடைத்தது கொடிக்கம்பு, அவ்வளவுதான்.

நம்ம ஊரில் துப்பாக்கியே இல்லை என்று நினைத்துவிடவேண்டாம். 2020 ஜனவரி 8 ராத்திரி களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். நடந்து வந்தவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது பார்த்தால் தெரிந்திருக்காது. மறைத்து வைத்த துப்பாக்கி என்றால் என்ன என்று இந்த மாவட்டத்துக்காரனுக்கு விளக்கவேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் மருமகளுக்கே தெரியாமல் இருந்தது. நம் நாட்டிலும் லைசென்ஸ் துப்பாக்கியைப் பொது இடத்தில் தூக்கிக் காட்டிக்கொண்டு போகக்கூடாது. 2016 ஆயுத விதிகளின்படி உறையில் போட்டு மூடித்தான் எடுத்துப் போகவேண்டும். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி ஓர் இடத்தைத் துப்பாக்கி கூடாத பகுதி என்று அறிவித்தால் அங்கே அதுவும் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு கல்யாணத்தில், திருவிழாவில் குஷிக்காக வானத்தில் சுட்டாலும் ஜெயிலுக்கு வழி உண்டு. என்னிடம் இருப்பது பேங்க் கன்மேன் வேலைக்காக வாங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கி. வேலையை விட்டபிறகும் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும். அந்த ரசீதுக்காக நிற்கும் வரிசையில் எல்லோரும் முணுமுணுப்போம். ஆனால் தேர்தலும் ஒரு வகையில் மேட்ச்தான், கூட்டமும் கோபமும் சேர்ந்து வரும் நேரம் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது.

டெக்சாஸ்காரி சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. ஆட்டம் முடிய ராத்திரி பத்து, பதினொன்று ஆகிவிடும். காரை எங்கோ தொலைவில் நிறுத்தியிருப்பாள். குடித்த கூட்டத்துக்கு நடுவே, பிறகு கூட்டமே இல்லாத தெருவில், தனியாக நடக்கவேண்டும். மைதானத்துக்குள் கொண்டுபோக முடியாது என்றால் அந்த நடைக்கும் கையில் ஒன்றும் இல்லை. இந்தப் பயம் பொய்ப் பயம் அல்ல. பெண் பிள்ளையை அயல்நாட்டுக்கு அனுப்பிவிட்டு ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கும் வீடு எங்களுடையது. ஆனால் அந்த நடைக்கு வேண்டியது தெருவிளக்கு, ஆட்டம் முடிந்தபின்னும் ஒரு மணி நேரம் ஓடும் பஸ், வழி நெடுக நிற்கும் காவலர்கள். 70,000 டிக்கெட் விற்கிறவர்களால் இது முடியாதா? தெருவில் உள்ள பயத்துக்கு மருந்தை கேலரியில் கொண்டுபோய்க் கட்டுவானேன்? அதோடு, உள்ளங்கை அளவுப் பர்ஸைத் தவிர, உள்ளே பை கொண்டுபோவதென்றால் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பைதான் வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். 12 அங்குலத்துக்கு மேல் நீளம் கூடாது. ஒரு பெண் தன் பைக்குள் என்ன வைத்திருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியவேண்டும், ஒருவன் தன் சட்டைக்குள் என்ன வைத்திருக்கிறான் என்பது யாருக்கும் தெரியக்கூடாது என்றால் அது என்ன நியாயம்!

இதையெல்லாம் நான் போனில் பேசிக்கொண்டிருந்ததை வீட்டு முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் எங்கள் கமிட்டி செயலாளர் பயல். டோர்ணமென்ட் விஷயமாக வந்தவன். நான் போனை வைத்ததும், “அண்ணே, நீங்க சொன்னது எல்லாம் சரிதான். ஆனா ஃபைனல் அன்னைக்கு டிக்கெட் காசு நிறைய சேரும். நீங்க ரெட்டைக்குழலைத் தோள்ல போட்டுட்டு மேடை பக்கத்துல நின்னா ஒரு கெத்தா இருக்கும்லா?” என்றான். அவ்வளவு நேரம் கேட்டுவிட்டு!

என் லைசென்ஸ் உன் டோர்ணமென்டுக்கு எழுதியது இல்லை லே என்றேன். முகம் தொங்கிவிட்டது. அப்புறம் உட்கார்ந்து பேசினோம். காசை ராத்திரி முழுக்க மேடையில் பெட்டியில் வைத்திருப்பதுதான் வினை. ஒவ்வொரு ஆட்டத்தின் பாதி நேரத்திலும் வாசல் காசை எண்ணி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, ஸ்கூல் ஆபீஸ் பீரோவில் பூட்டிவிடலாம் என்று முடிவானது. கோத் கணக்கு மாதிரி நோட்டுப் போடச் சொன்னேன், எழுதிக்கொண்டான். எனக்குக் கொடுத்திருக்கும் வேலை கிழக்கு வாசலில் டிக்கெட் கிழிப்பது. ஃபைனலுக்கு மட்டும், இரண்டாம் பாதி தொடங்கியதும் வாசலை இன்னொருவனிடம் விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று பேசி வாங்கியிருக்கிறேன். இந்த வருஷம் பொழியூர் டீமும் வருகிறதாம்.